‘தப்பட்’ படமும் ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்ற வசையும்

“ஒரே ஒரு அறைதானே?” இந்த ஒரு கேள்வியைச் சுற்றிக் கட்டப்பட்ட இந்திப் படம் ‘தப்பட்’. தப்பட் என்றால் அறை. அனுபவ் சின்ஹா இயக்கத்தில், டாப்ஸி நடிப்பில் 2020 பிப்ரவரி 28 அன்று வெளியானது. அடுத்த ஆண்டு ஃபிலிம்ஃபேர் சிறந்த படம் விருதும் பெற்றது. குடும்ப வன்முறை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறார். இன்னொருவர் உடனே, “அது மேட்டுக்குடிப் பெண்களின் கவலை தோழர், நம்ம பிரச்சினை வேற” என்கிறார். இந்த இருவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இரண்டாமவரோடுதான் கொஞ்சம் கூடுதலாக.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை. டெல்லியில் வசதியான குடும்பம். அம்ரிதா வீட்டு நிர்வாகத்தையே வாழ்க்கையாக ஏற்றுக்கொண்ட மனைவி. காலையில் எழுந்து தேநீர் போடுவது, மாமியாருக்குச் சர்க்கரை அளவு பார்ப்பது, கணவன் விக்ரமை வாசல் வரை ஓடி வழியனுப்புவது. விக்ரமுக்கு லண்டன் பதவி உறுதியானதைக் கொண்டாட வீட்டிலேயே விருந்து நடக்கிறது. நடுவில், தான் எதிர்பார்த்த இடம் கைநழுவிவிட்டது என்று அவனுக்குத் தெரியவருகிறது. மேலதிகாரியோடு சண்டை போடுகிறான். விலக்கப் போன அம்ரிதாவை எல்லோர் முன்னிலையிலும் அறைகிறான். அவ்வளவுதான். குடிகாரனில்லை, தினமும் அடிப்பவனில்லை, ஊர் மெச்சும் ‘நல்ல பையன்’. அந்த ஒரு அறைக்காக அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள், மணமுறிவு கேட்கிறாள்.

இந்த இடத்தில் படம் உறுதியாக நிற்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அறைக்குப் பிறகு விக்ரம் திரும்பத் திரும்பப் பேசுவது தன் அலுவலக அவமானத்தைப் பற்றித்தான். உனக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை. அவள் அம்மா, அவன் அம்மா, பெற்ற தம்பி என்று ஒவ்வொருவரும் அன்போடுதான் பேசுகிறார்கள். அந்த அன்பின் உள்ளடக்கம் ஒன்றே: பொறுத்துக்கொள். முந்தைய ஆண்டு, 2019இல், ‘கபீர் சிங்’ வசூலை அள்ளியிருந்தது. அதன் இயக்குநர் சந்தீப் ரெட்டி வாங்கா, காதலர்கள் ஒருவரை ஒருவர் அறையக்கூட உரிமையில்லையென்றால் அங்கே உணர்ச்சியே இல்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்து நியாயப்படுத்தினார். அந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தபோது, ஒரு அறைகூட ஏற்க முடியாதது என்று ஒரு வணிகப் படம் சொன்னது சிறிய விஷயமல்ல.

ஆகவே, மேட்டுக்குடிக் கவலை என்று உதறுகிற தோழருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் அது 38.1 விழுக்காடு. இந்த 38.1இல் நம் இயக்க வீடுகள் விதிவிலக்கு என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மேடையில் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைத் தூக்கிக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு ஆறிப்போனதற்குத் தட்டைத் தூக்கி எறிகிறவர்களை நம்மில் பலருக்கு நேரடியாகவே தெரியும். எங்கள் ஆய்வாளர் விடுதியில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது, “சாதி ஒழிப்பு முதன்மை முரண், இது துணை முரண்” என்று வகுப்பெடுத்தவர் ஒருவர் இருந்தார். முதன்மை முரணைத் தீர்த்துவிட்டு வரும்வரை கன்னத்தைக் காட்டிக்கொண்டு நில் என்பதைத்தான் அவர் கொஞ்சம் கோட்பாட்டோடு சொன்னார்.

அம்ரிதாவின் மறுப்பு நமக்கும் சொந்தம். என் சண்டை அந்த மறுப்போடு இல்லை. அந்த மறுப்பு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லும் கதையோடுதான்.

படத்தில் சுனிதா என்று ஒருத்தி இருக்கிறாள். அம்ரிதா வீட்டில் வேலை செய்பவள். கீதிகா வித்யா அருமையாக நடித்திருக்கிறார். சுனிதாவை அவள் கணவன் வழக்கமாக அடிக்கிறான். அதை அவள் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். அரங்கில் சிலர் சிரிக்கவும் செய்வார்கள். அப்படித்தான் அந்தக் காட்சிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அம்ரிதாவுக்கு விழுந்த ஓர் அறை இரண்டேகால் மணிநேரப் படம். சுனிதாவுக்கு விழும் நூறு அறைகள் அதன் பின்னணி. அம்ரிதாவின் போராட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சுனிதாவுக்கு மெல்ல உறைக்கிறது. கடைசியில் அவள் திருப்பி அடிக்கிறாள், ஆடுகிறாள்.

அதாவது, தன்மானம் மேலே இருக்கும் வீட்டில் பிறந்து, சமையலறை வழியாகக் கீழே இறங்குகிறது. இதே இயக்குநர் முந்தைய ஆண்டு எடுத்த ‘ஆர்ட்டிகிள் 15’ நினைவுக்கு வருகிறதா? அங்கே தலித் சிறுமிகளுக்கு நீதி கிடைக்க ஒரு பார்ப்பன ஐபிஎஸ் அதிகாரி தேவைப்பட்டார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. சாதியைப் பற்றி ஒரு முழுப் படம் எடுத்தவர், குடும்பத்தைப் பற்றி எடுக்கும்போது சாதியை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார். சாதி என்பது ஊர்ப் பிரச்சினை, குடும்பம் என்பது ஆண் பெண் பிரச்சினை என்று பிரித்து வைத்திருக்கிற பொதுப்புத்திதான் இது. ஆனால் சாதி உற்பத்தியாகிற இடமே குடும்பம்தானே?

‘பொறுத்துக்கொள்’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது? படம் சொல்லும் பதில்: வளர்ப்பு. அம்மாக்கள் மகள்களை அப்படி வளர்த்துவிட்டார்கள், மகன்களை இப்படி வளர்த்துவிட்டார்கள். அப்படியானால் எல்லா அம்மாக்களும் எல்லாக் காலத்திலும் அப்படித்தான் வளர்த்தார்களா? இல்லை என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று கிடக்கிறது. ஊர்ப் பக்கம் சண்டையில் காதில் விழும் வசை அது: “அறுத்துக்கட்டுற சாதிதானே!”

இந்த வசையைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு தாலியை அறுத்துவிட்டு இன்னொரு தாலி கட்டிக்கொள்ளும் சாதி என்பதுதான் பொருள். சரிப்பட்டு வராத கணவனை ‘அத்துவிட்டு’ வேறு வாழ்க்கை தேடிக்கொள்ள முடிந்தவர்கள், கணவன் செத்தால் மறுமணம் செய்துகொள்ள முடிந்தவர்கள். கீழே இருக்கிறவர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். அதைச் செய்ய முடியாமல், செத்தாலும் அதே வாசலில்தான் என்று கிடப்பது மேலே இருப்பதற்கு அடையாளம். பெண்ணின் வெளியேறும் உரிமையை வைத்துச் சாதியின் உயரத்தை அளந்திருக்கிறார்கள்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. காலனியக் காலத்தில் சாதிகளைப் பற்றி எழுதியவர்கள், எட்கர் தர்ஸ்டன் வரை, ஒவ்வொரு சாதிக்கும் கீழே விதவை மறுமணம் உண்டா, மணமுறிவு உண்டா என்று குறித்து வைத்தார்கள். சமூகப் படிநிலையைக் கணிக்க அது ஓர் அளவுகோலாக இருந்தது. அந்தக் காலப் பதிவுகளில் ஒன்று, கள்ளர்களிடையே ஒரு துரும்பைக் கொடுப்பதே மணத்தை முறித்துக்கொள்வதற்கான அடையாளமாக இருந்ததைப் பதிவு செய்கிறது. ஒரு துரும்பு! இன்று அதே வட்டாரங்களில், சாதி மாறிக் காதலித்த மகளை வெட்டுவதற்குக் ‘குடும்ப மானம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடையில் நடந்தது என்ன? மேலே ஏற விரும்பிய ஒவ்வொரு சாதியும் முதலில் கைவிட்டது பெண்களின் இந்த உரிமைகளைத்தான். எம்.என்.சீனிவாஸ் இதற்கு ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று பெயர் கொடுத்தார். அந்தப் பெயரில் நடந்தவற்றில் புலால் விட்டதும் பூணூல் போட்டதும் எல்லோர் கண்ணிலும் பட்டன. ‘அத்துவிடும்’ வழக்கம் வெட்கத்துக்குரியதாக மாறியது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் இதற்கான சாவி இருக்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணமுறை. ஒரு சாதிக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் அந்தப் பெண் ‘உபரி’ ஆகிறாள். அவள் சாதிக்கு வெளியே மணந்துவிட்டால் சுவர் உடையும். அதனால்தான் உடன்கட்டை, அதனால்தான் கட்டாயக் கைம்மை. அம்பேத்கர் கைம்பெண்ணைப் பற்றிச் சொன்னதைக் கணவனைவிட்டு வெளியேறும் பெண்ணுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். வெளியேறிய பெண்ணும் சாதிக்கு உபரிதான். கணவன் உயிரோடு இருக்கும்போதே கட்டுப்பாட்டை மீறியவள் என்பதால் கூடுதல் ஆபத்து. ‘பொறுத்துக்கொள்’ என்று அம்ரிதாவின் மாமியார் சொல்லும்போது, குடும்பத்தைக் காப்பாற்றுவதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். எந்தக் குடும்பத்தை என்பதுதான் அவருக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது.

இந்து சட்ட மசோதா விவாதத்தில் சனாதனிகள், மணமுறிவு வந்தால் இந்துப் பண்பாடே அழியும் என்று கூக்குரல் எழுப்பியபோது அம்பேத்கர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். சூத்திரர் என்று நீங்கள் சொல்லும் சாதிகளிடம் வழக்கமாகவே மணமுறிவு இருக்கிறது. அவர்களோடு தீண்டப்படாதவர்களையும் சேர்த்தால் இந்துக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு. மிச்சமிருக்கும் சிலரின் வழக்கத்தையா எல்லோருக்கும் சட்டமாக்கச் சொல்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். அந்த மசோதா முடக்கப்பட்டதால் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் 1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படி மணமுறிவு பெறும் உரிமையை இன்றும் காக்கிறது. சென்னை மாகாணம் அதற்கும் முன்பே, 1949இல், மணமுறிவுச் சட்டம் இயற்றியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, மணவாழ்க்கையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் பெண்களுக்குச் சொத்துரிமையையும் தீர்மானமாகவே நிறைவேற்றியிருந்தது.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். அம்ரிதா தாய்வீட்டுக்குப் போன பிறகு விக்ரம் தரப்பு அனுப்பும் முதல் ஆயுதம், சேர்ந்து வாழ வரச் சொல்லும் வக்கீல் நோட்டீஸ். இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. மனைவி நியாயமான காரணமின்றிப் பிரிந்து போனால், திரும்பி வந்து வாழச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பார்வையாளர்களுக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் அந்த நோட்டீசுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, படம் அதைத் தொடவில்லை.

1880களில் பம்பாயில் ருக்மாபாய் என்ற இளம்பெண் இதே கோரிக்கையைத்தான் எதிர்கொண்டார். 11 வயதில் மணம் செய்து வைக்கப்பட்டவர். வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மறுத்தார். அவர் பிறந்தது சுதார், அதாவது தச்சர் சாதியில். கைம்பெண்ணான அவருடைய தாயார் மறுமணம் செய்துகொண்டவர். அந்தச் சாதியில் அதற்குத் தடையில்லை. நம்மூர் மொழியில் சொன்னால் ‘அறுத்துக்கட்டுற சாதி’ப் பெண். 1885இல் நீதிபதி பின்ஹே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்துவது இந்துச் சட்டத்தில் உள்ள முறையே அல்ல, இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்திலிருந்து வந்தது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. திலகர் கொதித்தார், பழமைவாதிகள் திரண்டார்கள். மேல்முறையீட்டில் நிலைமை மாறியது. 1887இல், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று உத்தரவு வந்தது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் பணம் கொடுத்து வழக்கு முடிந்தது. அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் படித்து டாக்டராகத் திரும்பினார்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தை ‘இந்து தர்மம்’ என்று சனாதனிகள் கட்டிக்கொண்டார்கள். அந்த வெள்ளைக்காரன் நாட்டில் 1970லேயே அதை ஒழித்துவிட்டார்கள். ஆந்திர உயர்நீதிமன்றம் 1983இல் சரீதா வழக்கில் 9ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. உச்சநீதிமன்றம் அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் அது செல்லும் என்றுவிட்டது. அதே பிரிவுதான் விக்ரமின் கையில் நோட்டீசாக வருகிறது. ‘பெண்கள் இப்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்’ என்று படம் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவதன் காரணம் இதுதான். உழைக்கும் சாதிப் பெண்களிடம் இருந்ததைப் பிடுங்கினார்கள், பிடுங்கியதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தார்கள். பிறகு, வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி அதில் ஒரு துண்டைத் திரும்பப் பெறும்போது, அதைப் பார்த்துச் சுனிதா கற்றுக்கொள்வதாகக் கதை எழுதுகிறார்கள்.

உடனே ஒரு தோழர், “பார்த்தீர்களா, நம் சமூகங்களில் பெண்கள் எப்போதுமே சுதந்திரமாகத்தான் இருந்தார்கள்” என்று கிளம்பிவிடக் கூடாது. துரும்பு கொடுத்த ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அத்துவிடும் வழக்கம் இருந்த வீடுகளில் அடியும் இருந்தது. பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வெளிவந்தது. தலித் பெண்கள் வெளியே ஆதிக்கச் சாதியிடமும் வீட்டுக்குள் கணவனிடமும் படும் பாட்டை அது மூடி மறைக்கவில்லை. சொந்தச் சாதி ஆண்களைக் காட்டிக்கொடுப்பதாகப் பேசப்படுமே என்று பார்த்திருந்தால் அந்த நூல் வந்திருக்காது. ஆனால் அந்தப் பெண்கள் வேறொன்றும் செய்கிறார்கள்: தெருவில் நின்று கத்துகிறார்கள். ஊரே கேட்கும்படி கணவனை வசைபாடுகிறார்கள். அது அவர்களின் ஆயுதம். ‘தப்பட்’டின் சுனிதாவோ எஜமானி வீட்டுச் சமையலறையில்தான் மனம் திறக்கிறாள். அவளுக்கென்று தெரு இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் இல்லை, சங்கம் இல்லை. அம்ரிதா மட்டும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். குடிசையில் விழும் அடி தெருவுக்கே கேட்கும். அதனால்தான் அடிப்பது ‘அவங்க பழக்கம்’ என்று பேசப்படுகிறது. மேல்தட்டு வீட்டில் விழும் அடிக்குச் சுற்றுச்சுவர் உண்டு. படத்தில் அம்ரிதாவின் வக்கீல் நேத்ரா, பெரிய இடத்து மருமகள். அவள் கணவன் அவள் விருப்பமில்லாமல் அவளைத் தொடுகிறான், யாருக்கும் தெரிவதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 63ஆவது பிரிவின் விதிவிலக்கு, மனைவி என்ற ஒரே காரணத்துக்காக அவனைக் காப்பாற்றுகிறது. விக்ரமின் அறை அதிர்ச்சியானதற்கு அது விருந்தினர் முன்னிலையில் விழுந்ததும் ஒரு காரணம். சுவருக்கு உள்ளே விழுந்திருந்தால் இந்தப் படமே இல்லை.

படத்தில் எனக்குச் சுத்தமாக ஒப்பாதது ஒன்று உண்டு. அம்ரிதா ஜீவனாம்சம் வேண்டாம் என்கிறாள். பணம் கேட்காததுதான் அவளுடைய நேர்மைக்குச் சான்று என்று படம் நம்மை நம்ப வைக்கிறது. காசுக்காக வந்தவளில்லை, மரியாதைக்காக வந்தவள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் அந்த வீட்டைத் தாங்கிய உழைப்புக்குப் பங்கு கேட்பது எப்படி மரியாதைக் குறைவாகும்? எதையும் கேட்காத பெண்தான் தூய்மையானவள் என்பது பழைய தியாகக் கதைதான். இங்கே புது உடையில் வந்து நிற்கிறது. சுயமரியாதை இயக்கம் பெண்ணுக்குத் தன்மானத்தையும் சொத்தையும் ஒரே மூச்சில் கேட்டது. இந்து சட்ட மசோதாவில் சனாதனிகளை அதிகம் பதறவைத்தவற்றில் மகளுக்குச் சொத்துப் பங்கும் ஒன்று. அம்ரிதாவால் பணம் வேண்டாம் என்று சொல்ல முடிவதற்குக் காரணம், அவளுக்குப் போக இடமிருக்கிறது. அன்பான அப்பா இருக்கிறார், அவர் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. தமிழில் அடிக்கும் அறை, தங்கும் அறை இரண்டுக்கும் ஒரே சொல். இரண்டாவது அறை இருப்பவளால்தான் முதல் அறையைக் கேள்வி கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

சுனிதாவுக்கு இது தெரியும். அடி வாங்கிக்கொண்டு ஏன் இருக்கிறாய் என்ற பேச்சு வரும்போது, அவன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் எங்கே போவது என்பதுதான் அவளுடைய பயமாக இருக்கிறது. படத்தின் மிகக் கனமான வசனம் அதுதான். படம் அதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 17ஆவது பிரிவு: பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை, அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாடகை வீட்டுக்கும் பொருந்தும். 19ஆவது பிரிவின்படி கணவனை வெளியேறச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். படம் வெளியான அதே 2020இல், அக்டோபர் 15 அன்று, சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்சநீதிமன்றம், மாமனார் பெயரில் இருக்கும் வீடும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகக் கருதப்படலாம் என்று தன்னுடைய 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பையே திருத்தியது. அதுவும் டெல்லி வழக்குதான். ஆனால் இந்த உரிமை சுனிதாவின் ஒற்றை அறை வரை வந்து சேர ஒரு பாதுகாப்பு அலுவலர் வேண்டும், இலவசச் சட்ட உதவி வேண்டும், இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிக்காத முதலாளி வேண்டும். காவல் நிலையத்தில் ‘உங்க ஆளுங்கள்ல இதெல்லாம் சகஜம்தானே’ என்று சொல்லாத ஓர் ஆய்வாளரும் வேண்டும்.

கடைசிக் காட்சிகளில் சுனிதா கணவனைத் திருப்பி அடித்துவிட்டு ஆடுகிறாள். அரங்கம் கைதட்டுகிறது, நானும் தட்டினேன். ஆனால் அன்று இரவு அவள் அதே அறையில், அதே ஆளோடுதான் தூங்க வேண்டும். அந்த வீட்டின் வாடகை யார் பெயரில் இருக்கிறது என்று படத்தில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.